பாசிமேடும் பழைய லடோகாவும்



1989-ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு நாள். பழனி மலைத்தொடரின் அடிவாரத்திலுள்ள ஒரு சிற்றூர்ப் பள்ளியில் நான் அப்பொழுது சமூகவியல் ஆசிரியனாகப் பணியாற்றிக்கொண்டிருந்தேன். இரவெல்லாம் அடைமழை. காலையில் எட்டாம் வகுப்பிற்கு உரோமப் பேரரசைப் பற்றிய பாடம். ஒரு மாணவன் எழுந்து நின்று, உள்ளங்கையை விரித்துக் காட்டினான். மிளகளவே உள்ள நீலநிறக் கண்ணாடி மணி ஒன்று. நடுவில் நூல் கோக்கும் துளை. "சார், மழை பெய்தால் எங்கள் கொல்லைமேட்டில் இவை கிடைக்கின்றன. இவை யாருடையவை?" என்று கேட்டான். "பாடத்தைக் கவனிக்காமல் பாசி பொறுக்கிக்கொண்டா திரிகிறாய்?" என்று கடிந்து, அம்மணியைப் பிடுங்கிச் சன்னல் வழியே எறிந்துவிட்டு, அகஸ்டஸ் சீசரின் ஆட்சிச் சிறப்புகளைச் சொல்லத் தொடங்கினேன்.

உரோமப் பேரரசின் வரலாறு என் கையிலிருந்த நூலில் இருந்தது. அச்சிறுவன் கையிலிருந்த வரலாற்றை நான் எறிந்துவிட்டேன். அதை நான் உணர்வதற்கு இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின. உணர்த்தியது, பொருந்தல் என்னும் ஓர் ஆற்றங்கரைச் சிற்றூர். இன்று நான் பேசவந்தது அவ்வூரைப் பற்றியே.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். வரலாறு நடக்கும் மேடை நிலம் என்று ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கென்னவோ, நிலம் மேடையாக மட்டும் இருப்பதில்லை, நாடகத்தில் ஒரு பாத்திரமாகவும் வருகிறது என்றே தோன்றுகிறது.

நான் ஓய்வுபெற்ற பின் வாழ்ந்துவரும் சேவுகம்பட்டி, திண்டுக்கல் மாவட்டத்தில் நிலக்கோட்டை வட்டத்தைச் சேர்ந்தது. தை மாதத்தில் எங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலில் வாழைப்பழங்களைச் சூறைவிடும் விழாவைப் பற்றி உங்களிற் பலர் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். ஊரின் மேற்கே நின்று பார்த்தால் பழனி மலை நீலச் சுவராக எழுந்து நிற்கும். அதன் உச்சியிலுள்ள கோடைக்கானல் கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ ஏழாயிரம் அடி உயரத்திலிருக்கிறது. அம்மலையில் பெய்யும் மழை எங்கே போகிறது என்று கேட்டால், அது எந்தச் சரிவில் விழுந்தது என்பதைப் பொறுத்தது என்பதே விடை. எங்கள் பக்கத்துச் சரிவில் விழுந்த நீர் மருதாநதியாக அய்யம்பாளையத்தின் வழியே இறங்கி, வையையிற் கலந்து, மதுரையைக் கடந்து, கீழடியின் பக்கமாகச் சென்று, இராமநாதபுரத்துப் பெரிய கண்மாயை நாடுகிறது. எங்களுக்கு வடக்கே சிறிது தொலைவில், ஆத்தூர்ப் பகுதியில் இறங்கும் குடகனாறோ நேர் எதிர்த் திசையில் வடக்கு நோக்கி ஓடி, வேடசந்தூரைத் தாண்டி, அமராவதியிற் சேர்ந்து, அதன்வழியே காவிரியை அடைகிறது. ஒரே மேகம், ஒரே மலை, ஆனால் ஒரு துளி பாண்டிய நாட்டுக்கும் மறு துளி சேர நாட்டுக்கும் போய்விடுகிறது.

இம்மலையின் வடபுறச் சரிவிலிருந்து பாலாறு, பொருந்தலாறு, வரதமாநதி, பச்சையாறு முதலிய சிற்றாறுகள் பழனியை நோக்கி இறங்குகின்றன. இவை ஒன்றுகூடிச் சண்முகாநதி என்னும் பெயருடன் அமராவதியை அடைகின்றன. அமராவதிக்குப் பழந்தமிழ்ப் பெயர் ஆன்பொருநை. அதன் கரையிலுள்ள கரூரைச் சேரரின் வஞ்சியென அறிஞர் பலர் கொள்வர். கரூருக்கு அருகிலுள்ள புகழூர் மலைக்குகையில் இரும்பொறை மரபைச் சேர்ந்த சேர அரசர்களின் பெயர்கள் தமிழ்ப் பிராமி எழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. அச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழனிக்குத் தென்மேற்கே சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில், பொருந்தலாற்றின் கரையில், மலை தன் காலை நீட்டி முடிக்கும் இடத்தில் இருக்கிறது பொருந்தல். வயல், தென்னை, ஓடை, பின்னணியில் மலை ஆகியவற்றைத் தவிரப் பேருந்தில் போகிறவன் கண்ணுக்கு வேறொன்றும் தென்படாது. ஆனால் பெயர் பழையது. சங்கப் புலவர்களுள் பொருந்தில் இளங்கீரனார் என்று ஒருவர் இருக்கிறார். புறநானூற்றின் 53-ஆம் பாட்டு அவருடையது. அது யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்னும் சேர அரசனைப் பாடியது. அப்பாட்டில் புலவர் கபிலரையும் நினைவுகூர்கிறார். பொருந்தில் என்பது இன்றைய பொருந்தலே என்று ஆய்வாளர் கருதுகின்றனர். அவ்வாறாயின், இவ்வூரின் ஆறு எந்தச் சேரரின் ஆற்றிற் போய்க் கலந்ததோ, அந்தச் சேரரையே இவ்வூர்ப் புலவரும் பாடியிருக்கிறார். நீர் சென்ற வழியே பாட்டும் சென்றது எனலாம்.

நீரும் பாட்டும் மட்டுமல்ல, வணிகமும் இவ்வழியே சென்றது. பழனியிலிருந்து மேற்கே உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் போனால் பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலையில் வண்டியும் பொதிமாடும் எளிதிற் கடக்கக்கூடிய அகன்ற திறப்பு அது. அதற்கு அப்பால் மேலைக் கடற்கரை; முசிறித் துறைமுகம்; உரோமரின் மரக்கலங்கள். 1856-இல் பழனிக்கு அண்மையிலுள்ள கலையம்புத்தூரில் உரோமப் பொற்காசுகள் ஒரு புதையலாகக் கிடைத்தன. நான் வகுப்பில் உரோமத்தைப் பற்றிப் பேசியபோது, அந்த உரோமத்தின் பொன் எங்கள் மலையின் மறுபுறத்திலேயே கிடைத்திருந்தது. பாடநூலில் அவ்வரி இல்லை. ஆகவே எனக்கும் தெரியவில்லை.

பொருந்தல் மக்கள் தம் ஊரிலுள்ள ஒரு மேட்டைப் பாசிமேடு என்று வழங்கி வந்தனர். பாசி என்றால் மணி. மண்ணைக் கிளறினாலும், மழை அரித்தாலும், அங்கே சிறுசிறு கண்ணாடி மணிகள் கண்ணிற் படும். ஆகவே அப்பெயர். படித்தவர் எவரும் அதைப் பொருட்படுத்தாத காலத்திலும் ஊர்மக்கள் தம் வாயில் அவ்வரலாற்றைப் பெயராகப் போற்றி வைத்திருந்தார்கள்.

2009, 2010-ஆம் ஆண்டுகளில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கா. இராஜன் தலைமையில் இங்கே அகழாய்வு நடந்தது. ஊரிருந்த மேட்டிலும், ஊரார் தம் இறந்தோரைப் புதைத்த ஈமக்காட்டிலும் குழிகள் தோண்டப்பட்டன. மேட்டில் வெள்ளை, சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை ஆகிய நிறங்களில் கண்ணாடி மணிகள் ஏராளமாக வெளிப்பட்டன. கண்ணாடியை உருக்கி மணி செய்த உலையின் தடயமும் கிடைத்தது. எனவே இவ்வூரார் பிறரிடம் மணி வாங்கி அணிந்தவர்கள் மட்டுமல்லர். தாமே மணி செய்தவர்கள்.

கண்ணாடி மணி செய்வது எளிய தொழிலன்று. மணலை உருக்கும் அளவிற்கு நெருப்பை மூட்டி, அந்தச் சூட்டை நெடுநேரம் நிலைநிறுத்த வேண்டும். எந்த உலோகத்தைச் சேர்த்தால் எந்த நிறம் வரும் என்று அறிந்திருக்க வேண்டும். செம்பு சேர்ந்தால் பச்சையும் நீலமும் வரும்; உலைக்குள் காற்றைக் குறைத்தால் அதே செம்பு சிவப்பைத் தரும். இவ்வேதியியலை ஏட்டில் எழுதாமல் கையில் வைத்திருந்தவர்கள் அவர்கள். விறகுக்கு மலை, நீருக்கு ஆறு, விற்பதற்குக் கணவாய் வழி. இவ்விடத்தில் இத்தொழில் அமைந்ததற்கு நிலவியலே காரணம் சொல்லிவிடுகிறது.

ஈமக்காட்டில் கிடைத்தது இதனினும் பெரிது. ஒரு கல்லறையில் நான்கு கால்களையுடைய ஒரு சாடி இருந்தது. அதனுள்ளே ஏறத்தாழ இரண்டு கிலோ நெல், உமியோடு. இறந்தவருக்கு வழியுணவாக வைத்த நெல். அதே கல்லறையில் கலம் வைக்கும் பிரிமனை ஒன்றும் இருந்தது, மண்ணாற் செய்தது, அதன்மேல் தமிழ்ப் பிராமி எழுத்தில் ஒரு சொல் கீறப்பட்டிருந்தது. 'வய்ர' என்று அதைப் படித்தனர். இன்று நாம் சொல்லும் வயிரம் என்பதன் பழைய வடிவம் அது. அது பொருளின் பெயரோ, ஆளின் பெயரோ, எவ்வாறாயினும் எழுதத் தெரிந்த ஒருவர் அந்தக் கலத்தைத் தொட்டிருக்கிறார். மணி செய்யும் ஊரில் வயிரம் என்னும் சொல் எழுதப்பட்டிருப்பது எனக்குப் பெரிதும் பொருத்தமாகவே படுகிறது.

இப்பொழுது நெல்லுக்கு வருவோம். அது எத்தனை ஆண்டு பழமையானது? எப்படி அறிவது?

உயிருள்ள எல்லாவற்றிலும் கரிமம் உண்டு. அதில் மிகச் சிறு பங்கு, கரிமம்-14 என்னும் நிலையற்ற வகை. பயிர் உயிரோடிருக்கும்வரை காற்றிலிருந்து அதைப் பெற்றுக்கொண்டேயிருக்கும். அறுவடையானதும் வரவு நின்றுவிடும்; செலவு மட்டும் நடக்கும். 5,730 ஆண்டுகளில் பாதி அழிந்துவிடும். எஞ்சியது எவ்வளவு என்று எண்ணினால் கழிந்த காலம் தெரியும். 2,400 ஆண்டுகளுக்கு முற்பட்ட நெல்லில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு எஞ்சியிருக்கும். முன்னாளில் இதற்கு மிகுதியான பொருள் தேவைப்பட்டது. இப்போது முடுக்கி நிறமாலை முறையில் சில மில்லிகிராமே போதும். காலத்தைக் கணிக்க நெல் மிகச் சிறந்த சான்று. விறகுக்கரியை எடுத்தால், அது முந்நூறு ஆண்டு வாழ்ந்த மரத்தின் நடுவயிரமாக இருந்து நம்மை ஏமாற்றக்கூடும். நெல்லோ ஒரே பருவத்தில் விளைந்து ஒரே பருவத்தில் அறுக்கப்படுவது; அதற்கு வயது மறைக்கத் தெரியாது.

பொருந்தல் நெல் அமெரிக்காவிலுள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்திற்கு அனுப்பப்பட்டது. கிடைத்த விடை கி.மு. 490. பின்னர் இவ்வூரிலிருந்தே அனுப்பிய மற்றொரு மாதிரிக்குக் கி.மு. 450 என்று விடை வந்தது. 2011-ஆம் ஆண்டு இச்செய்திகள் நாளிதழ்களில் வெளிவந்தபோது அறிஞருலகில் பெரும் வாதம் மூண்டது. அதற்குக் காரணமுண்டு. அசோகரின் கல்வெட்டுகள் கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தவை. பிராமி எழுத்து அவர் காலத்தில் பரவி, அதன்பின் கி.மு. இரண்டாம் நூற்றாண்டளவில் தமிழகத்தில் வழக்கிற்கு வந்தது என்பதே ஐராவதம் மகாதேவன் போன்ற பேரறிஞர்களின் முடிவாக இருந்தது. நெல்லின் காலமும் எழுத்தின் காலமும் ஒன்றே என்றால், அசோகருக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இம்மலையடிவாரத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார் என்றாகிறது.

மாணவர்களே, இவ்விடத்தில் கைதட்டிவிட்டு எழுந்துபோவது எளிது. அவ்வாறு செய்வது வரலாற்று மாணவனுக்கு அழகன்று என்பது என் கருத்து. எதிர்வாதத்தையும் கேட்க வேண்டும். நெல்லைத்தான் கணித்தார்கள், எழுத்தை நேரே கணிக்கவில்லை. இரண்டும் ஒரே கல்லறையில் இருந்தன என்பதே இணைப்பு. அன்றியும், கி.மு. 800 முதல் 400 வரையுள்ள காலப்பகுதியில் காற்றிலிருந்த கரிமம்-14-இன் அளவு ஏறியிறங்கிய காரணத்தால், அந்நானூறு ஆண்டுகளின் பொருள்கள் யாவும் ஏறத்தாழ ஒரே கணக்கையே காட்டுகின்றன. ஆகவே 490 என்னும் எண்ணை நாள்காட்டியில் குறித்த தேதிபோல் எடுத்துக்கொள்ளலாகாது; முன்னும் பின்னும் நெகிழ்ச்சி உண்டு. ஒன்றிரண்டு எண்களைக் கொண்டு எழுத்தின் வரலாற்றையே திருத்தலாமா என்று அறிஞர் சிலர் கேட்டது முறையான கேள்வியே.

கேள்வி வலியதாயின் சான்றும் வலிமை பெறவேண்டும். அது பெற்றுக்கொண்டும் வருகிறது. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலும், எங்கள் மருதாநதி நீர் கடந்து செல்லும் வையைக் கரையிலுள்ள கீழடியும் எழுத்துக் கீறிய ஓடுகளைத் தந்தன. கீழடியின் காலத்தைக் கி.மு. ஆறாம் நூற்றாண்டுவரை கொண்டுசெல்லும் அறிக்கையைத் தமிழகத் தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்டது. பொருநையாற்றுப் பகுதியிலுள்ள சிவகளையின் ஈமத்தாழியில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது. இவ்வாதத்தின் முதல் வாயில்களுள் ஒன்றைத் திறந்தது பொருந்தலின் நான்கு கால் சாடி.

இப்பொழுது உங்களை வெகுதூரம் அழைத்துச் செல்லப் போகிறேன். பாசிமேட்டைப் பற்றிப் படித்தபோது, உலகில் வேறெங்கேனும் இப்படி மழைக்குப்பின் மணி பொறுக்கும் ஊர் உண்டா என்று தேடினேன். கிடைத்தது உருசியாவில்.

அந்நாட்டின் வடமேற்கே, சென்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்திற்குக் கிழக்கே, வோல்கவ் என்னும் ஆறு இல்மென் ஏரியிலிருந்து வடக்கு நோக்கி ஓடி லடோகா என்னும் பேரேரியில் விழுகிறது. ஆற்றின் முகத்திற்குச் சற்று மேலே, கரையின்மீது ஸ்தாராயா லடோகா என்ற சிற்றூர் இருக்கிறது. பழைய லடோகா என்பது அதன் பொருள். 1704-இல் பேரரசர் பீட்டர் ஆற்றுமுகத்தில் புதிய லடோகாவை நிறுவியதும் இது பழையதாகிவிட்டது. இன்று சுமார் இரண்டாயிரம் பேர் வாழும் ஊர். நம் நாட்டில் ஓர் ஊராட்சிக்கும் சிறியது. ஆயினும் எட்டாம் நூற்றாண்டில் வடகடல் வணிகரும் சிலாவியரும் பின்னியரும் கூடிய சந்தை இது. தெற்கேயிருந்து அரபு நாட்டு வெள்ளிக்காசு வந்தது; வடக்கேயிருந்து விலங்கின் மென்மயிர்த்தோல் போயிற்று. இடையில் இவ்வூரார் கண்ணாடி மணி செய்து, அதைக் கொடுத்துத் தோல் வாங்கினர்.

1114-ஆம் ஆண்டு அங்கே கற்கோட்டைக்கு அடித்தளமிட்ட காலத்தில் இவ்வூருக்கு வந்த வரலாற்றுக் குறிப்பாசிரியர் ஒருவர் ஒரு செய்தியை எழுதிவைத்திருக்கிறார். பெருமேகம் வந்து பெய்தால் இவ்வூர்ப் பிள்ளைகள் துளையிட்ட கண்ணாடி மணிகளைப் பொறுக்குகிறார்களாம். ஆற்றலை கரையை அரிக்கும் இடத்திலும் அவை கிடைக்கின்றனவாம். அவை மேகத்திலிருந்து விழுவதாகவே சொல்லிக்கொண்டார்கள். அக்குறிப்பாசிரியர் என்ன செய்தார் தெரியுமா? தாமும் நூற்றுக்கும் மேற்பட்ட மணிகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டார். சன்னல் வழியே எறியவில்லை. தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அவரைப் பற்றிப் படித்தபோது, பயிற்சிபெற்ற ஆசிரியனாகிய எனக்கு வெட்கமாக இருந்தது.

இவ்விரு ஊர்களின் காலத்தைக் கண்டறிந்த முறைகளிலும் நிலவியல் புகுந்து விளையாடியிருக்கிறது. லடோகாவின் மண் குளிர்ந்து ஈரம் நிறைந்தது. அதில் மரம் ஆயிரம் ஆண்டுக்கு மேலும் மக்காமல் கிடக்கும். அங்கே கட்டிய வீடுகளின் அடிமரங்களிலுள்ள ஆண்டு வளையங்களை எண்ணி, மிகப் பழைய மரம் வெட்டப்பட்டது கி.பி. 753 என்று கண்டார்கள். நம் மண்ணிலோ ஆறு மாதம் ஈரம், ஆறு மாதம் வெயில், கறையானுக்கும் குறைவில்லை. மரவீடும் ஓலைச்சுவடியும் நில்லா. மட்கலமும் கல்லும் கண்ணாடியுமே நிற்கும்; எப்போதாவது, மூடிய சாடிக்குள் ஒரு பிடி நெல் தப்பிப் பிழைக்கும். ஆகவே நம் நாட்டில் ஓட்டுத்துண்டும் மணியும் பிற நாட்டினருக்கு இருப்பதைக் காட்டிலும் விலைமதிப்பு மிக்கவை. நமக்குச் சாட்சி சொல்ல வேறு ஆளில்லை.

அச்சாட்சி பேசுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மணி எங்கே, எவ்வளவு ஆழத்தில், எதனோடு கிடந்தது என்பது தெரியவேண்டும். பொருந்தல் சாடியைத் தோண்டி எடுத்து ஒருவர் வீட்டுத் திண்ணையில் வைத்திருந்தால் அது வெறும் சாடி. 'வய்ர' என்பது வெறுங்கீறல். இரண்டும் ஒரே கல்லறையில் கிடந்தன என்று குறித்து வைத்ததனாலேயே உலகம் திரும்பிப் பார்த்தது. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதைபொருளைக் கண்டெடுப்பவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும். ஆனால் கண்ணாடி மணிக்கும் ஓட்டுத்துண்டுக்கும் பத்து ரூபாய் மதிப்பிடுவார் யார்? பொற்காசைக் காத்த சட்டத்தின் கண்ணிலிருந்து மணி நழுவிவிடுகிறது. ஆண்டுதோறும் எத்தனையோ மேடுகளை மண்வாரி இயந்திரம் ஒரே பகலில் சமன்செய்துவிடுகிறது.

அந்த மாணவனைப் பற்றிச் சொல்ல வேண்டுமல்லவா? சில ஆண்டுகளுக்கு முன் வத்தலக்குண்டில் ஒரு திருமணத்தில் அவரைக் கண்டேன். இப்போது அவர் தலை நரைத்த விவசாயி. நானே பேச்செடுத்து, அன்று செய்தது பிழை என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "மறுநாளே சன்னலுக்கு வெளியே தேடி எடுத்துவிட்டேன், சார்" என்றார்.

அடுத்த வாரம் அவர் வீட்டிற்குப் போனேன். அவருடைய தாயார் ஒரு பழைய மஞ்சள் டப்பாவைக் கொண்டுவந்து தந்தார். நீல மணியோடு வேறு ஆறு மணிகளும் அதிலிருந்தன. கொல்லைமேட்டையும் பார்க்கப் போனோம். மேடு இல்லை. சமன்செய்து தென்னங்கன்று வைத்திருந்தார்கள். மேடு இருந்த இடம் எது என்று அவர் நினைவிலிருந்து காலால் கோடு கிழித்துக் காட்டினார். தாயார் அருகில் நின்று, "இன்னும் கொஞ்சம் கிழக்கே" என்று திருத்தினார். நான் குறிப்பேட்டை எடுத்து, நிலத்தின் புல எண்ணையும், எந்தத் திசையில் மேடு இருந்தது என்பதையும், எந்த ஆண்டு சமன்செய்தார்கள் என்பதையும் எழுதிக்கொண்டேன். கிணற்றடியிலிருந்து மேடு இருந்த இடம்வரை நூற்று நாற்பது தப்படி. அங்கிருந்து ஓடை அறுபது தப்படி. ஏழாவது மணியில் துளை இல்லை. செய்து முடிப்பதற்குள் யாரோ விட்டுவிட்ட மணி.